அத்தை பயப்படாத படங்கள்

யாருக்கும் தெரியாத திகில் படங்களையும் விஞ்ஞானப் படங்களையும் தேடிப்பிடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஊரே கொண்டாடுகிற படம் என்றால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். எங்கோ ஒரு நாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே வீட்டுக்குள் கேமராவை வைத்து எடுத்து, வந்த சுவடே தெரியாமல் போன படம் என்றால் சோறு தண்ணீர் இல்லாமல் பேசுவேன். இதில் எனக்கென்று சில கறாரான கொள்கைகளும் இருக்கின்றன. மிருகத்தை ஆரம்பத்திலேயே முழுசாகக் காட்டிவிடுகிற படம் தேறாது. காலத்தில் பின்னோக்கிப் போகிற கதையில், எப்படிப் போனார்கள் என்று கரும்பலகையில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தால் நாம் எழுந்து போய்விடலாம். நல்ல படத்தில் பயம் பாழடைந்த பங்களாவில் இருக்காது. சமையலறையில், விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போது இருக்கும்.

இதில் ஒன்றுகூட என் சொந்தச் சரக்கு இல்லை. எல்லாம் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, சொன்னவை. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, அவித்த மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னவை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

எங்கள் ஊர் தியாகதுருகம். அப்பாவுக்கு ஊரை ஒட்டி மரவள்ளிக் காடும் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. தாத்தாவும் ஆயாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தையை வளர்த்ததும் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அப்பாதான். அந்தத் தை மாதம்தான் களமருதூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு நிலம் இருந்தது, டிராக்டர் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வாயில் தேன் இருந்தது. என்னைப் போன்ற வாண்டுகளிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். இப்படி ஒரு தங்கமான மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. அப்பாவும் அதை முழுசாக நம்பினார்.

புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், ஆகாது என்பார்கள். அதனால் அப்பா சீரோடு போய் அத்தையை அழைத்து வந்தார். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப் போவார்கள். அதுவரை பெண் தின்று தூங்கி உடம்பு தேற்றிக்கொள்ளலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எப்போது போவாய் என்றும் கேட்க வேண்டியதில்லை, அதுதான் காலண்டரிலேயே அச்சடித்திருக்கிறதே.

வந்த அன்று அத்தை பையைக்கூடப் பிரிக்கவில்லை. "அண்ணி, டெக்கு ஓடுதா?" என்று அம்மாவிடம் கேட்டாள். டிவிடி பிளேயரைத்தான் அப்படிச் சொல்வோம். ஓடுகிறது என்றதும் என்னை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிஸ்க் கடைக்கு விரட்டினாள். கல்யாணத்துக்கு முன்பும் அவள் படம் பார்ப்பாள். ஆனால் இந்த வேகம் புதிது. பாட்டு வேண்டாம், காதல் வேண்டாம், குடும்பக் கதை வேண்டவே வேண்டாம். வேற்றுக்கிரகம், ஆராய்ச்சிக்கூடம், ஆள் காணாமல் போவது, இப்படி ஏதாவது வாங்கி வா என்றாள்.

கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். யாரும் எடுக்காமல் தூசி படிந்து கிடந்த தமிழ் டப்பிங் படங்களையெல்லாம் என் தலையில் கட்டினார். அட்டைக்கும் உள்ளே இருக்கும் படத்துக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. அட்டையில் டைனோசர் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே அதன் எலும்புகூட வராது. வேற்றுக்கிரகவாசிகள் எல்லோரும் செந்தமிழில் பேசினார்கள். "மானிடர்களே, தயைகூர்ந்து சரணடையுங்கள்" என்பார்கள். அவர்களைச் சுடுகிற போலீஸ்காரர் மட்டும் மெட்ராஸ் பாஷையில் திட்டுவார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"கரெக்டாதான்டி எடுத்துகிறான். அழிக்க வந்தவன்தான் மரியாதையா பேசுவான்" என்றாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்துதான் படத்தைப் போடுவாள். முறத்தில் மல்லாட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்வாள். தெருக்கதவு பார்வையில் படுகிற இடம்தான் அவளுக்கு வேண்டும். நான் அவள் மடிக்குள் பாதி புதைந்துகொள்வேன். ஒரு படத்தில் லாரி அளவு நண்டு ஒன்று கடற்கரையில் வருகிறவர்களை வரிசையாகத் தின்றது. ரப்பர் நண்டு என்று எனக்கே தெரிந்தது, இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை கடலையைக் கடித்துக்கொண்டே, "தோ பாரு, அவன் கால்ல செருப்பு இல்ல, அடுத்த ஆளு அவன்தான்" என்றாள். சொன்னபடியே அவன்தான் போனான். இன்னொரு படத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு பேர் தூங்கப் போவார்கள், எழும்போது ஏழு பேர் இருப்பார்கள். கூடுதலாக வந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வந்தவருக்கே தெரியாது. எனக்கு ஒரு வாரம் பாத்ரூம் போகத் துணை தேவைப்பட்டது. அத்தையோ அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தாள், ஒவ்வொரு முறையும் நிம்மதியாக.

ஆமாம், நிம்மதியாக. அந்தச் சொல்தான் சரி. படம் எவ்வளவுக்குப் பயங்கரமோ அவ்வளவுக்கு அவள் முகம் தெளியும்.

ஒரே நாளில் மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையும் வந்தது. எப்போது தூங்கி எழுந்தாலும் அதே நாள்தான் விடியும். அவன் நாளைக்குப் போய்ச் சேர என்னென்னவோ செய்வான், மலையிலிருந்து குதிப்பான், அழுவான். எனக்கு அவன்மேல் ஒரே பரிதாபம். அத்தைக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

"பைத்தியக்காரன். நாளிக்குப் போயி இன்னா பண்ணப் போறான்? இந்த நாளே நல்லாத்தான கீது. அப்படியே வுட வேண்டியதுதான?" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பி, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். அப்பா காலையில் எழுந்ததும் சாமி கும்பிட்டுவிட்டு அதில் ஒரு தாளைக் கிழிப்பார். அந்தச் சரக் என்ற சத்தத்துக்கு அத்தையின் தோள் குலுங்கும். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆவணி வந்தால் அத்தை போய்விடுவாள் என்பது எனக்கும் பெரிய துக்கம். அவள் போகக்கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட வேண்டியிருந்தேன். அவளுக்கும் போக மனமில்லை என்று தெரிந்தது. எங்களோடு படம் பார்ப்பதை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

அவளைக் கலங்கடித்த படம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பெண்ணின் வீட்டில் தினம் ஓர் அறை காணாமல் போகும். நேற்று இருந்த கதவு இன்று வெறும் சுவராக இருக்கும். அவள் புருஷனிடம் சொல்வாள். அவன் சாயங்காலம் வீட்டுக்கு வருவான், சாவியை மேசைமேல் வைப்பான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். பிறகு சிரித்துக்கொண்டே, "இங்கே அறையே இருந்ததில்லையே கண்ணே" என்பான். படம் அவ்வளவுதான். பேய் இல்லை, ரத்தம் இல்லை, நண்டு இல்லை. சாவி மேசையில் விழுந்த சத்தத்துக்கே அத்தை உரித்துக்கொண்டிருந்த கடலையைக் கீழே போட்டாள். சட்டையை மாட்டியபோது எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "இன்னா அத்தெ?" என்றேன். "கடலைத் தோலு கண்ணுல பட்டுச்சி" என்றாள்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் களமருதூரிலிருந்து மாமா போன் செய்வார். அப்பாவின் செல்போனுக்குத்தான் வரும். அப்பாவிடம் நெல்லு விலை, மழை நிலவரம் எல்லாம் பணிவாகப் பேசிவிட்டு அத்தையிடம் கொடுக்கச் சொல்வார். அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். "உம்... சரிங்க... சாப்ட்டேங்க... இல்லீங்க" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வராது. "வெக்கத்தப் பாரு" என்று அம்மா சிரிப்பாள். போனை வைத்தபிறகு அத்தைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆடி பாதி தாண்டியபோது மாமா நேரிலேயே வந்தார். இந்த வழியாகப் போனேன், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். ஆடியில் மாப்பிள்ளை தங்கக்கூடாது, காபி குடிக்கத் தடையில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டதுமே அத்தை ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாமா எனக்கு லட்டு கொடுத்தார், கன்னத்தைக் கிள்ளினார், டிவியைப் பார்த்தார். அதில் நண்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. "இதெல்லாமா பாப்பீங்க?" என்று சிரித்தார். கதவு பக்கம் பார்த்துத்தான் சிரித்தார்.

அன்றிலிருந்து அத்தை தூக்கத்தில் கத்த ஆரம்பித்தாள். வீடே எழுந்து உட்காரும். அம்மாவுக்குக் காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை, கண்ணெதிரே டிவி இருக்கிறதே.

"எந்நேரமும் பேயும் பிசாசுமா பாத்துக்கினு இருந்தா பயந்த கோளாறு வராம இன்னா வரும்? இந்தக் கொழந்தையையும் கெடுத்துப் போட்டுடுச்சி" என்றாள்.

அப்பா டெக்கைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினார். டிஸ்க்குகள் கடைக்குத் திரும்பின. படம் பார்ப்பதை நிறுத்தினால் பயம் தெளியும் என்றார்கள். எனக்குத் தெரியும், நடந்தது தலைகீழ். படம் ஓடிய வரையில் அத்தை பகலிலாவது நன்றாக இருந்தாள். இப்போது பகலிலும் தெருக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் முறம் இருக்கும், கடலை இருக்கும், ஒன்றையும் உரிக்கமாட்டாள். ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னால், "நீ பெரிய மனுஷி, வந்துட்டா" என்பாள் அம்மா.

ஆவணி நெருங்க நெருங்க அம்மாவுக்கும் பதற்றம். இந்தக் கோலத்தில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? கல்வராயன் மலையில் கரியாலூரில் ஒருவர் பயந்த கோளாறுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டுகிறார், கட்டினால் அப்படியே தெளியும் என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கள்ளக்குறிச்சியில் மலை பஸ் பிடித்தோம். வளைவுக்கு ஒரு முறை அம்மா ஜன்னலுக்கு வெளியே வாந்தியெடுத்தாள். அத்தை மட்டும் மேலே ஏற ஏற நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதி மலையில் அம்மா போனை எடுத்துப் பார்த்து, "சனியன், டவரே இல்ல" என்று சலித்துக்கொண்டாள். அத்தை எட்டி அந்தப் போனைப் பார்த்தாள். பிறகு வெளியே ஒரு சாமைக் கொல்லையைக் காட்டி, ஆடி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தானாகவே என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

கயிறு கட்டுகிறவர் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்று கேட்டார். "சினிமா பாத்துதாங்க" என்று அம்மா வெட்கத்தோடு சொன்னாள். என்ன சினிமா என்று அவர் விடாமல் கேட்க, அத்தை நண்டுக் கதையைச் சொன்னாள். அவர் வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கடைசியில அது எப்படிச் செத்துச்சிம்மா?"

"சாவலீங்க. மண்ணுக்குள்ள முட்ட வெச்சிட்டுதான் போவும். அதெல்லாம் அவ்ளோ சீக்கிரம் சாவாதுங்க" என்றாள் அத்தை.

அவர் சிரித்தபடி மணிக்கட்டில் கருப்புக் கயிற்றைக் கட்டி, சரியாகிவிடும் என்றார். திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது அத்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இங்கியே ரெண்டு நாளு இருந்துட்டுப் போலாமா?" என்று கேட்டாள்.

"இங்க யாரு கீறாங்க நமக்கு?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லல்ல, அதான்."

அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கயிறு வேலை செய்கிறது, பெண் தெளிந்து விளையாட்டாகப் பேசுகிறாள் என்று சந்தோஷப்பட்டாள். பஸ் மலையை விட்டு இறங்கி கச்சிராயபாளையம் பக்கம் வந்ததும் அம்மாவின் பைக்குள் போன் அடித்தது. அத்தை என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. எடுத்துப் பார்த்தால் அப்பாதான், கிளம்பிவிட்டீர்களா என்று கேட்கிறார். கயிற்றின் சக்தி மலைக்குக் கீழே வராது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. நல்ல நேரம் பார்த்துக் காலையிலேயே மாமாவும் அவருடைய அம்மாவும் வேனில் வந்து இறங்கினார்கள். தட்டில் பழம், பூ, வெற்றிலை. எங்கள் வீட்டிலும் முறுக்கு, அதிரசம், புடவை எல்லாம் தயாராக இருந்தன. பெண்தான் தயாராக இல்லை. தலைவலி என்று அறைக்குள்ளேயே இருந்தாள். எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. நான் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

இதற்குமேல் மறைக்க முடியாமல் அம்மா கூடத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. கண்ட படத்தையும் பாத்துப் பயந்துட்டா, தூக்கத்துல கத்துறா. கயிறு கட்டியிருக்குது. தெளிஞ்சிடும்."

மாமாவின் அம்மா ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார். மாமாவோ பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"இதுக்குப் போயி ஏங்க சங்கடப்படறீங்க? எங்க வூட்ல டிவியே வேணாங்க, எடுத்துடறேன். போனும் வேணாம். வெளிய தெருவ போவாம வூட்லயே கொஞ்ச நாளு இருந்தா சரியாப் பூடும். நான் பாத்துக்கறேங்க."

அப்பாவின் முகத்தில் நன்றி பொங்கியது. எனக்கு ரத்தம் கொதித்தது. டிவி இல்லாத வீட்டில் அத்தை என்ன செய்வாள்? செய்யாத குற்றத்துக்குப் படங்களைப் பழிப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை படத்தையும் கூடவே உட்கார்ந்து பார்த்தவள் நான். இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அந்தக் கூடத்தில் யார்?

"அத்தெ படத்துக்கெல்லாம் பயப்படல" என்றேன்.

"சும்மா இருடி" என்றாள் அம்மா.

"நண்டு ஆளத் தின்னக்கொள்ள அத்தெ மல்லாட்ட தின்னுகினு இருந்துச்சி. நான்தான் பயந்தேன். அத்தெ அடுத்த ஆளு யாருன்னு சொல்லிச்சி."

மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். "அப்பறம் எதுக்குங்க உங்க அத்தெ தூக்கத்துல கத்துறாங்க?" என்று கொஞ்சலாகக் கேட்டார்.

அந்த ஒரு மாதத்தில் என்னை மதித்துக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் விலாவாரியாகப் பதில் சொன்னேன்.

"அது படத்தால இல்ல மாமா. போன் அடிச்சா அத்தெக்கு கை நடுங்குது. அப்பறம் சோறு துன்னாது. பைக் சத்தம் கேட்டா கதவு பின்னாடி போயிடும். மலையில டவர் இல்லல்ல, அங்க மட்டும் நல்லா சிரிச்சிச்சி. பேய்ப் படத்துக்கெல்லாம் அழுவல. ரூமு காணாம போற படத்துக்குத்தான் அழுதுச்சி. அதுல பேயே கெடையாது. ஒரு ஆளு வூட்டுக்கு வந்து சட்டையக் கழட்டி மாட்டுவான். அதுக்குப் போயி அழுதுச்சி." இவ்வளவும் சொல்லிவிட்டு, ரசிகை என்ற முறையில் தீர்ப்பையும் சொன்னேன். "அதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. சுத்த மொக்கப் படம்."

என் தோளில் இருந்த மாமாவின் கை இறுகியது. வலித்தது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அறைப் பக்கம் திரும்பிப் பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"ஏய். வெளிய வா. கொழந்தைக்கு இன்னா சொல்லிக் குடுத்து வெச்சிருக்க?"

உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது. அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் இப்போதுதான் யாரோ புதிதாக நுழைந்ததுபோலப் பார்த்தார். பிறகு வந்து அவர் கையை என் தோளிலிருந்து எடுத்து அவர் மடியிலேயே வைத்தார். அம்மாவைக் கண்ணால் கூப்பிட்டார். இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

நான் வெளியே நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, எதற்கென்றுதான் தெரியவில்லை. அதிகப்பிரசங்கித்தனத்துக்கு அடி விழும் என்று நினைத்தேன். உள்ளே அம்மாவின் குரல் மட்டும் ஒருமுறை, "அடி பாவி, ஏன்டி சொல்லல, ஏன்டி சொல்லல" என்று கேட்டது. அத்தையின் பதில் கேட்கவில்லை. ஜாக்கெட் மறைத்த இடத்தில் தோளிலும் முதுகிலும் என்ன இருந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரி முடித்த பிறகு. மணிக்கட்டில் கயிறு கட்டக் கையை நீட்டச் சொன்னவர்கள் யாரும் அதற்கு ஒரு முழம் மேலே பார்க்கவில்லை.

அப்பா வெளியே வந்தார். மாமாவை அடிப்பார் என்று, இன்றைக்கு நான் இந்தக் கதையைச் சொல்கிறபோது எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவர் அடிக்கவில்லை. பழத்தட்டை எடுத்து மாமாவின் அம்மா கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நாளு சரியில்லீங்க. நீங்க கெளம்புங்க."

"நல்ல நாளு பாத்துதான வந்தோம்?" என்றார் அந்த அம்மா.

"எங்க வூட்டுக்குச் சரியில்லீங்க. இன்னிக்கு மட்டுமில்ல, இனிமேட்டுக்கும் சரியில்ல. மீதிய பெரிய மனுஷங்கள வெச்சிப் பேசிக்கலாம்."

மாமா எழுந்தார். ஏதேதோ சொன்னார். பாதி கெஞ்சலாக இருந்தது, பாதி மிரட்டலாக இருந்தது. அப்பா அறைக் கதவை அடைத்தாற்போல் நின்றுகொண்டு, கேட்டதற்கெல்லாம், "கெளம்புங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேன் கிளம்பிப் போனபின்பும் வெகுநேரம் அப்படியே நின்றார்.

என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அப்பா பரண்மேல் ஏறி டெக்கை இறக்கினார். தானே துணியால் துடைத்தார். எந்த ஒயரை எங்கே சொருகுவது என்று தெரியாமல் என்னைக் கேட்டார். பிறகு, எனக்கு நம்பவே முடியவில்லை, டிஸ்க் கடைக்கு அவரே போய் வந்தார். அட்டையில் இருப்பதிலேயே பெரிய பல் உள்ள பிராணியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். "இது பரவால்லியாம்மா?" என்று அத்தையிடம் நீட்டினார். அவள் தலையசைத்தாள். என் விவாதத் திறமையால் படங்கள் வழக்கில் ஜெயித்துவிட்டன என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை ஆவணியிலும் இங்கேயே இருக்கப்போவது அதற்குக் கிடைத்த பரிசு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் வீடே டிவி முன்னால் உட்கார்ந்தது. அப்பாகூட வயலுக்குப் போகவில்லை. தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டு அதை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அத்தை தரையில் பாய் விரித்து, டிவி பக்கம் முகமும் வாசல் பக்கம் முதுகுமாகச் சாய்ந்தாள். படமும் சும்மா சொல்லக்கூடாது. அந்தப் பிராணியைக் காட்டாமல் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தார்கள், ஒருவன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான், கடைசிப் படியில் என்னமோ இருக்கிறது. அடுத்து யார் என்று கேட்க அத்தையின் கையைச் சுரண்டினேன். அவள் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, கையும் காலும் போட்டது போட்டபடி, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை போராடி மீட்டுக்கொண்டு வந்த படம், அதிலும் இந்த இடத்தில், ஒரு ரசிகை தூங்குவாளா? தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். அப்பா ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுவதும் குறைத்தார். படிக்கட்டில் இறங்கியவன் சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து கத்தினான். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, போனது, அத்தை எழவில்லை. இரண்டு பேரும் டிவியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கே தூக்கம் வருகிறதென்றால் படம் அவ்வளவு மோசம் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, வேறு டிஸ்க் மாற்றச் சொல்லி நான் அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.